பதினாறாவது முறையாக முதல் அத்தியாயம்

ஜப்பானிய வீடியோ கேம் தொடர்கள் ஒவ்வொரு பாகத்திலும் பழைய கதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஏன்?

காட்கோபர் மேற்கில், லால் பகதூர் சாஸ்திரி சாலையில் உள்ள ஆர் சிட்டி மாலுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் மகன் கேட்பது ஒரு வீடியோ கேம் டிஸ்க். பெயர் ஃபைனல் ஃபேன்டசி. அட்டையில் ரோமன் எண்ணில் பதினாறு. “முதல் பதினஞ்சு நம்மகிட்ட இல்லியேடா, இதை மட்டும் வாங்கி என்ன பண்ணுவே?” என்று அப்பா கேட்டால் அது நியாயமான கேள்வி. ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்தாம் பாகத்தை மட்டும் யாராவது வாங்கிப் படிப்பார்களா? “இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லப்பா” என்பான் மகன். அப்போது அப்பாவுக்கு எழும் அடுத்த கேள்வி இன்னும் நியாயமானது. சம்பந்தமே இல்லை என்றால் எண் எதற்கு?

இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் கடைசியில் வந்து நிற்கும் இடம் வீடியோ கேமைவிடப் பெரியது. ஒரு கதைக்குள் நடுவில் வந்து சேர்பவருக்கு என்ன உரிமை உண்டு என்பதே அங்கே விஷயம்.

ரோல் பிளேயிங் கேம் என்கிற இந்த வகையை விளங்கிக்கொள்ள அதே மாலிலேயே ஒரு வழி உண்டு. 2013இல் அங்கே திறக்கப்பட்ட கிட்ஸானியாவில் குழந்தைகள் விமானி, டாக்டர், தீயணைப்பு வீரர் என்று வேடம் போட்டுக்கொண்டு அந்தந்த வேலையைச் செய்து பார்க்கிறார்கள். இந்த விளையாட்டுகளின் அடிப்படையும் வேடம் ஏற்பதுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டு இதற்கெல்லாம் மூலம். காகிதம், பென்சில், பகடை வைத்து நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஆடியதைப் பிறகு கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆடுபவர் ஒரு வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறுகிறார். தொடக்கத்தில் கையில் இருப்பது ஒரு மரக்கழி; எதிரே வரும் சின்ன ஜந்துவை அடிக்கவே மூச்சு வாங்கும். சண்டைக்குச் சண்டை அனுபவம் சேரும், லெவல் ஏறும், ஆயுதம் மாறும். நாற்பது ஐம்பது மணி நேரம் கழித்து அதே ஆள் உலகை அழிக்க வந்த அரக்கனை வீழ்த்துவார்.

ஃபைனல் ஃபேன்டசியின் முதல் பாகம் 1987 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. தயாரித்தது ஸ்கொயர் என்ற அன்றைய சின்ன நிறுவனம். ஓடியது நின்டெண்டோவின் ஃபாமிகாம் இயந்திரத்தில். இயக்குநர் ஹிரோனோபு சகாகுச்சி. இதுவும் ஓடாவிட்டால் தொழிலை விட்டுவிட்டு மறுபடி பல்கலைக்கழகத்துக்கே போய்விடலாம் என்று அவர் இருந்ததாகவும், அதனால்தான் ‘இறுதி’ என்று பெயர் வைத்ததாகவும் ஒரு கதை ரசிகர்களிடம் நிலைத்துவிட்டது. 2015இல் அவரே தந்த விளக்கத்தில் அவ்வளவு சோகம் இல்லை. சுருக்கிச் சொல்ல இரண்டு ‘எஃப்’ வேண்டியிருந்தது. முதலில் நினைத்த ஃபைட்டிங் ஃபேன்டசி என்ற பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டதால் ஃபைனல் ஆயிற்று. ‘இறுதி’ என்று பெயர் வைத்த கதைக்குப் பதினாறு பாகம் வந்ததைப் பற்றிய கிண்டல்களுக்கு அதிலிருந்து குறைவில்லை.

முதல் பாகம் வென்றது. சரியாக ஒரு வருஷத்தில், 1988 டிசம்பரில், இரண்டாம் பாகம். தயாரிப்பாளருக்கு எளிய வழி, அந்த நான்கு வீரர்களுக்கும் இன்னொரு அரக்கனைக் கண்டுபிடித்துக் கொடுப்பது. சகாகுச்சியின் குழு அதைச் செய்யவில்லை. நான்கு வீரர்களும் போனார்கள். அவர்கள் நடமாடிய உலகமும் போனது. அந்த இடத்தில் பேரரசின் படையிடம் பெற்றோரைப் பறிகொடுத்த இளைஞர்கள் வந்தார்கள். விதிகள்கூட மாறின. லெவல் கணக்கு எடுக்கப்பட்டது. வாள் வீச வீச வாள்வித்தை வளரும், அடி வாங்க வாங்க உடம்பு வலுக்கும் என்று அகிடோஷி கவாஸு வகுத்த புது முறை புகுந்தது. அதைப் பயன்படுத்திச் சில சாமர்த்தியசாலிகள் தங்கள் ஆட்களைத் தாங்களே அடித்து வளர்த்துக்கொண்டது தனி வேடிக்கை. 1990இல் வந்த மூன்றாம் பாகம் அந்த முறையைக் கைவிட்டது. கவாஸு அதை எடுத்துக்கொண்டுபோய் சாகா என்ற வேறொரு தொடரைக் கட்டினார். ஒரு யோசனை எடுபடாமல் போனாலும் தொடருக்குச் சேதம் இல்லை. அடுத்த பாகம்தான் எப்படியும் புதிதாகத் தொடங்கப் போகிறதே!

இப்படிப் புதிதாகத் தொடங்குவதற்கான முதல் காரணம் இந்த வகை விளையாட்டின் சுபாவத்திலேயே இருக்கிறது. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எத்தனை வழக்குகளில் வந்தார்கள்! ஒவ்வொரு கதையிலும் கணேஷ் அதே வக்கீல், வசந்த் அதே குறும்பன். ஒரு வழக்கில் கற்றதை வைத்து அடுத்த வழக்கில் இருமடங்கு பலசாலி ஆவதில்லை. அதனால் அவர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம். ரோல் பிளேயிங் கேமின் இன்பமோ வளர்ச்சியில் இருக்கிறது. கதை முடியும்போது நாயகன் கிட்டத்தட்ட தேவன். அடுத்த பாகத்தில் அவனை என்ன செய்வது? அதே பலத்துடன் விட்டால் ஆட ஒன்றுமில்லை. பலத்தைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி மரக்கழியைக் கொடுத்தால், ஐம்பது மணி நேரம் உழைத்து அவனை வளர்த்தவருக்கு எரிச்சல் வரும். ஓய்வு பெற்ற அதிகாரியை மறுபடி பயிற்சி குமாஸ்தாவாகச் சேர்ப்பதுபோல. புது நாயகனைக் கொண்டுவந்துவிட்டால் இரண்டு சங்கடமும் இல்லை.

இதே சங்கடத்தை இன்னொரு ஜப்பானியத் தொடர் வேறுவிதமாகத் தீர்த்தது. யூஜி ஹோரீ உருவாக்கிய டிராகன் குவெஸ்ட் 1986இல் தொடங்கியது. இரண்டாம் பாகத்தின் நாயகர்கள் முதல் பாக நாயகனின் வழித்தோன்றல்கள்; தலைமுறை மாறியதால் லெவல் ஒன்றிலிருந்து தொடங்குவதில் தர்மசங்கடம் இல்லை. 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தது ஒரு புதன்கிழமை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடை வாசலில் வரிசையில் நின்ற மாணவர்கள் போலீசிடம் சிக்கினார்கள். அந்தப் பாகத்தின் கடைசியில்தான் ரகசியம் உடைந்தது. இதுவரை ஆடியது மற்ற இரண்டு கதைகளுக்கும் முந்திய காலத்துக் கதை. அங்கே புராணபுருஷனாகப் பேசப்பட்ட மூதாதையே இந்த நாயகன். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. கல்கி 1941இல் ‘பார்த்திபன் கன’வைத் தொடங்கினார், அதில் வரும் நரசிம்மவர்மரின் இளமைக் காலத்துக்கு 1944இல் ‘சிவகாமியின் சபத’த்தில் திரும்பிப் போனார். இரண்டையும் எந்த வரிசையிலும் படிக்கலாம். ஒன்றை மட்டும் படித்தாலும் குறை இல்லை. இரண்டையும் படித்தவருக்கு ஒரு லாபம் கூடுதல்.

இரண்டாம் காரணம் கதவு. யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது?

மூடிய கதவுக்கு உதாரணம் அமெரிக்காவின் விஸர்ட்ரி. ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் எழுதி 1981இல் வந்த முதல் பாகம் கம்ப்யூட்டர் ரோல் பிளேயிங் கேம்களுக்கு ஒரு முன்னோடி. ஜப்பானியத் தயாரிப்பாளர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1982இல் வந்த இரண்டாம் பாகம் ஒரு நிபந்தனை போட்டது. முதல் பாகத்தில் வளர்த்தெடுத்த வீரர்களைக் கொண்டுவந்தால்தான் உள்ளே அனுமதி. பழைய வாடிக்கையாளருக்கு அது மரியாதை. கடையில் இரண்டாம் பாகம் மட்டுமே கிடைத்தவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் தகடு.

திறந்த கதவுக்கு உதாரணமும் அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. ஃபைனல் ஃபேன்டசியின் இரண்டாம், மூன்றாம் பாகங்கள் அன்று அங்கே விற்பனைக்குப் போகவில்லை. 1991இல் நான்காம் பாகத்தை ஸ்கொயர் அங்கே கொண்டுபோனபோது அட்டையில் ‘இரண்டு’ என்று போட்டது. ஐந்தாம் பாகமும் போகவில்லை. 1994இல் ஆறாம் பாகம் ‘மூன்று’ ஆனது. கதை புரியவில்லை என்று யாரும் கடைக்குத் திரும்பி வரவில்லை. 1997இல் ஏழாம் பாகம் ஏழு என்ற சொந்த எண்ணோடு வந்தபோதுதான், மூன்றுக்குப் பிறகு ஏழு எப்படி என்று பலர் திகைத்தார்கள். நடுவில் மூன்று பாகங்களை உருவியும் சரியாமல் நின்ற வரிசை அது. அடுக்கி வைத்த செங்கல்லாக இருந்தால் நின்றிருக்குமா?

இயந்திரங்களின் கணக்கும் இதில் சேர்கிறது. பதினாறு பாகங்களையும் அவை முதலில் வந்த இயந்திரங்களிலேயே வரிசையாக ஆட ஒருவர் ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் மூன்று வரை ஃபாமிகாம். நான்கு முதல் ஆறு வரை சூப்பர் ஃபாமிகாம். ஏழு முதல் ஒன்பது வரை முதல் பிளேஸ்டேஷன். பத்து முதல் பன்னிரண்டு வரை பிளேஸ்டேஷன் 2. பதின்மூன்றுக்கு 3, பதினைந்துக்கு 4, 2023 ஜூனில் வந்த பதினாறுக்கு 5. நடுவில் பதினான்காம் பாகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆக, ஏழு இயந்திரங்களும் ஒரு கம்ப்யூட்டரும். பிளேஸ்டேஷன் 5 மட்டுமே இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது 49,990 ரூபாய். போதாததற்கு, பழைய கார்ட்ரிட்ஜ்களில் ஆட்டத்தின் நினைவைக் காத்தது உள்ளே இருந்த ஒரு பொத்தான் பேட்டரி. பேட்டரி செத்தால் ஐம்பது மணி நேர உழைப்பும் கூடவே செத்துவிடும். கதையைத் தொடர்ந்துகொண்டே போக நிறுவனம் விரும்பினாலும், பழைய கணக்கைப் புது இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வழி இல்லை.

மும்பைக்கு இது வேறொரு விதத்திலும் பொருந்தும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சாமுராய் என்ற பெயரில் ஃபாமிகாமின் நகல் இந்தியாவில் விற்றது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அட்டையில் பீற்றிக்கொண்ட மஞ்சள் கார்ட்ரிட்ஜ்களில் ஓடுவதும் சுடுவதும்தான் பெரும்பாலும் இருந்தன. நினைவைக் காக்க பேட்டரியும் படிக்க ஏராளமான வசனமும் தேவைப்படும் ரோல் பிளேயிங் கேம் அந்த வழியாக வருவது அபூர்வம். பிறகு லாமிங்டன் சாலைக் கடைகளிலும் சென்னை பர்மா பஜாரிலும் டிஸ்க்குகள் குவிந்தபோது அவை வரிசைப்படி வரவில்லை. எது கிடைத்ததோ அதுதான் முதல் பாகம். ஏழில் தொடங்கியவர் உண்டு. பத்தில் தொடங்கி ஒன்பதுக்கு இறங்கியவர் உண்டு. இன்று பழைய பாகங்கள் போனிலேயே கிடைக்கின்றன. ஏழாம் பாகம் 2015இல் ஐபோனுக்கும் அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஆனால் கதைக்குள் நுழைய எல்லா இடமும் வாசல்தான் என்ற ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால், தாமதமாகவும் தாறுமாறாகவும் சரக்கு வந்து சேர்ந்த ஓர் ஊரில் இந்தத் தொடருக்கு ரசிகர்களே உருவாகியிருக்க முடியாது.

‘அம்புலிமாமா’ படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகத் தெரியும். எந்த மாத இதழை எடுத்தாலும் விக்ரமாதித்தன் மரத்தில் ஏறி வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வேதாளம் ஒரு புதுக் கதை சொல்லும். அரசன் வாய் திறப்பான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். போன மாத இதழ் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருந்தாலும் நஷ்டமில்லை.

மூன்றாம் காரணம் கொஞ்சம் சிக்கலானது. பல ரோல் பிளேயிங் கேம்கள் ஆடுபவரையே முடிவெடுக்கச் சொல்கின்றன. யாரைக் காப்பாற்றுவது, யாருடன் சேர்வது, யாரை அரசனாக்குவது எல்லாம் ஆடுபவர் கையில். பத்து லட்சம் பேர் ஆடினால் எத்தனையோ விதமான முடிவுகள். அடுத்த பாகம் எந்த முடிவிலிருந்து தொடங்க வேண்டும்?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடர் இதில் மாட்டிக்கொண்டு தப்பிய விதம் ரசிக்கத்தக்கது. 1996இல் வந்த டாகர்ஃபால் பாகத்தில், ஒரு மகாசக்தியை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பொறுத்துப் பல முடிவுகள். 2002இல் அடுத்த பெரிய பாகமான மாரோவிண்டை எழுதியவர்கள் யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை. அந்தச் சமயத்தில் காலமே உடைந்துபோய் எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று எழுதிவிட்டார்கள்! அதோடு பாகத்துக்குப் பாகம் வேறு மாகாணம், வேறு நாயகன் என்ற வழக்கத்தையும் காத்துக்கொண்டார்கள். 2011இல் வந்த ஸ்கைரிம் அதற்கு முந்தைய பாகத்துக்கு இருநூறு வருஷம் கழித்து நடக்கிறது. இருநூறு வருஷத்தில் எந்தச் சண்டையும் சரித்திரப் பாடமாகிவிடும்.

எதிர்த்திசையில் துணிந்து போனது மாஸ் எஃபெக்ட். 2007, 2010, 2012 என மூன்று பாகங்கள், ஒரே நாயகர். முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் சேமித்த கோப்பாக அடுத்த பாகத்துக்குக் கூடவே வந்தன. முதலில் இறந்தவர் பிறகும் இறந்தவரே. இரண்டாம் பாகம் 2011இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்தபோது சிக்கல் எழுந்தது. அந்த இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு முதல் பாகம் கிடைத்திருக்கவே இல்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் ஒரு படக்கதை செய்து சேர்த்தார்கள். அதைப் புரட்டிக்கொண்டே வந்து, முக்கியமான இடங்களில் ‘நீங்கள் என்ன முடிவெடுத்திருப்பீர்கள்?’ என்பதற்குப் பதில் சொல்லிவிட்டால் உள்ளே போகலாம். கதவைத் திறக்கத் தனிச் சாவி செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் பாகத்தின் முடிவில் வேறொரு சுமை. ஐந்து வருஷமாகச் சேர்ந்த முடிவுகளுக்கெல்லாம் ஒரே கடைசிக் காட்சி பதில் சொல்ல முடியாமல் திணறியது. ரசிகர்கள் கொதித்தெழ, சில மாதங்களில் முடிவை விரித்துச் சொல்லும் இணைப்பு ஒன்றை இலவசமாக வெளியிட நேர்ந்தது. ஆனாலும் மூன்று பாகங்களையும் ஒரே கோப்பில் ஆடி முடித்தவர்கள் அந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

இனி அப்பாவின் இரண்டாவது கேள்வி. கதை தொடரவில்லை என்றால் எண் எதற்கு? வியாபாரம் என்பது பாதி பதில். சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ 2014, 2016, 2021, 2024 என நான்கு முறை வந்தது. வீடு வேறு, பேய் வேறு. டிக்கெட் வாங்குகிறவருக்கு எண் சொல்வது ஒன்றே: போன முறை பிடித்த அதே ருசி இம்முறையும் உண்டு.

மீதிப் பாதியை, கதை போனாலும் கூடவே வரும் சாமான்களில் பார்க்கலாம். ஃபைனல் ஃபேன்டசியில் ஆட்கள் ஏறிச் சவாரி செய்யும் சொகோபோ என்ற பெரிய மஞ்சள் பறவை 1988இல் இரண்டாம் பாகத்தில் வந்தது. அதற்குப் பிறகு தொடரை விட்டுப் போகவே இல்லை. படிகக் கற்கள் முதல் பாகத்திலிருந்தே உண்டு. நோபுவோ உவேமட்சு முதல் பாகத்துக்காக அமைத்த, நீர்த்துளிகள் ஏறி இறங்குவதுபோன்ற இசை பிந்திய பாகங்களிலும் கேட்கிறது. சிட் என்ற பெயரில் ஒருவர் இரண்டாம் பாகம் முதல் பாகந்தோறும் வருகிறார். ஒன்றில் கிழவர், இன்னொன்றில் நடுவயதுக்காரர். ஒன்றில் நண்பர், வேறொன்றில் எதிரணி. ஆகாயக் கப்பலோடோ இயந்திரங்களோடோ பெரும்பாலும் அவருக்குச் சம்பந்தம் உண்டு. நாகேஷ் ஒரு படத்தில் சமையல்காரராகவும் அடுத்த படத்தில் வேறு ஆளாகவும் வந்தபோது எந்த ரசிகரும் குழம்பியதில்லை. முகத்தைப் பார்த்ததும் அரங்கில் ஒரு சந்தோஷம் பரவும். சிட் என்ற பெயர் செய்வது அதைத்தான்.

காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரை ஒட்டிக் காமராஜ் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. விருதுநகரில் பிறந்தவரின் பெயர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மராத்தியும் குஜராத்தியும் பேசும் தெருக்களுக்கு நடுவே. ஊர் மாறுகிறவர்கள் வீட்டையும் கிணற்றையும் தூக்கிவர முடியாது. பெயரைக் கொண்டுவரலாம், பாட்டைக் கொண்டுவரலாம், சாமியைக் கொண்டுவரலாம். புது இடம் அதனால் பழைய இடம் ஆகிவிடாது. ஆனால் அந்நியமாகவும் இருக்காது. பாகத்துக்குப் பாகம் உலகம் மாறும் ஒரு தொடர் தன் பறவையையும் பெயரையும் இசையையும் சுமந்து செல்வது இதே காரணத்துக்காக.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஏழாம் பாகத்தில், மூன்று டிஸ்க்குகளில் முதல் டிஸ்க்கின் கடைசியில், கூடவே நடந்து வந்த ஏரித் என்ற பூக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். அந்தக் காட்சியில் அழுத பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். எட்டாம் பாகத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐம்பது மணி நேரம் உடன் இருந்தவர்களை ஒரே நாளில் மறந்துவிடு என்று சொல்வது கொஞ்சம் கல்நெஞ்சுதான். நிறுவனமும் அதை உணராமல் இல்லை. 2003இல் பத்தாம் பாகத்துக்கு நேரடித் தொடர்ச்சி வந்தது. எண் பதினொன்று ஆகாமல் ‘பத்து-இரண்டு’ என்று நின்றதே அதன் சங்கடத்தைச் சொல்லிவிடும். ஏழாம் பாகத்தையே மறுபடி கட்டியெழுப்பும் வேலை 2020இல் ஒரு பகுதியாகவும் 2024இல் இன்னொரு பகுதியாகவும் வந்தது. புதிதாகத் தொடங்கும் துணிவை வைத்துப் பெயர் வாங்கிய தொடர், தன் பழைய புகழைத் திரும்பத் திரும்ப விற்கிறது என்ற முணுமுணுப்பும் கூடவே எழுந்தது.

நினைவுக்கும் புதுத் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு வழி உண்டென்று காட்டியது பதினான்காம் பாகம். அது பலர் இணையத்தில் கூடி ஆடும் வகை. 2010இல் வந்து படுதோல்வி அடைந்தது; பெயருக்கே களங்கம் என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார். நவோகி யோஷிடா பொறுப்பேற்றதும் ஒட்டுப்போட்டுப் பயனில்லை என்று கண்டார். 2012 நவம்பரில், கதைப்படியே வானிலிருந்து ஒரு சிவப்பு நிலா விழுந்தது, அதை உடைத்துக்கொண்டு ஒரு மகாநாகம் வெளிவந்தது, உலகம் எரிந்தது. சர்வர்களை நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்ட்டில் அதே உலகம், கதையில் ஐந்து வருஷம் கழித்து, மறுபிறவி எடுத்தது. அழிவுக்கு முன்பிருந்தே ஆடியவர்களின் பாத்திரங்கள் உயிரோடு வந்தன. அவர்களுக்குக் கழுத்தின் பின்புறம் பச்சை குத்தியதுபோல ஓர் அடையாளம் கிடைத்தது. புது உலகின் மக்கள் அந்த வீரர்களைப் பற்றி நன்றியோடு பேசுவார்கள். ஆனால் முகம் மட்டும் நினைவுக்கு வராது. ஒளி கண்ணைக் கூசியதுபோல மறைந்திருக்கும். பழையவர்களை மறக்கவில்லை. புதிதாக வந்தவர்களிடம் அத்தாட்சியும் கேட்கவில்லை.

அத்தாட்சி என்ற சொல்லின் கனம் காட்கோபர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரமாபாய் அம்பேத்கர் நகரையும் காமராஜ் நகரையும் இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தை மும்பைப் பெருநகர வட்டார மேம்பாட்டு ஆணையமும் குடிசை மறுவாழ்வு ஆணையமும் அண்மை வருஷங்களில் சேர்ந்து எடுத்துக்கொண்டன. மகாராஷ்டிரத்தின் விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததை நிரூபிப்பவருக்கு வீடு இலவசம். அதற்குப் பின், 2011 தொடக்கம் வரை வந்தவருக்குப் பணம் கட்டினால் கிடைக்கும். அதற்கும் பிறகு வந்தவர் கணக்கில் வருவதில்லை. மின்சார ரசீதும் ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும்தான் இங்கே சேமித்த கோப்பு. மழையில் நனைந்து அழிந்தாலும், ஊருக்குப் போனபோது தொலைந்தாலும், இருபது வருஷ வாழ்க்கை பேட்டரி செத்த கார்ட்ரிட்ஜ்தான். வீட்டு விஷயத்தில் அரசுக்கு ஒரு தேதி வேண்டியிருக்கலாம். இருக்கும் இடம் அளவானது, கேட்பவர்கள் அதிகம். கதைக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒருவர் கூடுதலாக உள்ளே வந்தால் ஏற்கெனவே இருப்பவருக்கு ஒரு அங்குலமும் குறைவதில்லை. அப்படியிருக்க, கதையும் முந்திய பாகத்தின் ரசீதைக் கேட்டு வாசலில் நிற்க வைத்தால் அதற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்?

பழையதை அறிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று தரலாம். அறியாதவரிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது. நீண்ட நாள் நிலைத்த தொடர்கள் அனுபவத்தில் கண்டுகொண்ட விதி இது. 2017இல் வந்த டிராகன் குவெஸ்ட் பதினோராம் பாகம் புது நாயகன், புது உலகம் என்றே நடக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, 1986இன் முதல் பாகத்தை நோக்கி ஒரு மெல்லிய கயிறு நீள்கிறது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவருக்குக் கண் கலங்கும். அன்றுதான் முதல் முறையாக ஆடியவருக்கு அது ஒரு நல்ல கடைசிக் காட்சி. இருவருமே முழுக்கதையோடு வீடு திரும்புகிறார்கள்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் கூடி நடத்தும் விழா அழைப்பிதழ்களில் ‘இத்தனையாவது ஆண்டு விழா’ என்று எண் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, முந்திய விழாக்களுக்கெல்லாம் வந்திருந்தால்தான் இந்த வருஷம் பந்தியில் உட்காரலாம் என்று யாரும் பின்வாங்குவதில்லை. விழா இத்தனை காலம் நிற்காமல் நடந்திருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். டிஸ்க் அட்டையில் இருக்கும் பதினாறுக்கும் பொருள் அதுதான். தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.